எந்த பவர், சிஸ்டர்?

சர்க்கரை உருண்டைக்குள் சாத்தான் இருக்கிறான் என்று எங்கள் பாஸ்டர் பிரசங்கம் பண்ணினபோது வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. நான் ஒன்றும் ஹோமியோபதிக்கு வக்கீல் இல்லை. கெமிஸ்ட்ரி படித்தவள். அந்த உருண்டைக்குள் சாத்தானும் இல்லை, மருந்தும் இல்லை, வெறும் சர்க்கரைதான் என்பது என் கட்சி.

அம்மா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறாள். நாள் முழுக்கத் தோலின் மேல் பிரஷ்ஷால் சொலூஷன் தடவ வேண்டும். சொலூஷன் என்பது பசைதான், ஆனால் பக்கத்தில் நின்றாலே தலையைச் சுற்றும் நெடி. அதில்தான் அவளுக்கு மூச்சிழுப்பு வந்தது. இன்ஹேலர் வாங்கலாம் என்றால், "அது பழகிட்டா சாகற வரைக்கும் விடாதுடி" என்பாள். கூட வேலை செய்கிற அக்கா ஒருத்தி அவளை பஜாரில் ஒரு ஹோமியோபதி டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் அம்மாவை உட்கார வைத்து, என்ன கனவு வருகிறது, புளிப்பு பிடிக்குமா, எங்கே வியர்க்கும் என்று பொறுமையாகக் கேட்டாராம். அம்மாவை அதுவரை யாரும் அவ்வளவு விசாரித்ததில்லை. இழுப்பு கொஞ்ச நாள் கம்மியாகவும் இருந்தது.

அந்தச் சந்தோஷத்தில் அம்மா ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொல்ல எழுந்தாள். "டாக்டரு பவர் ஏத்திக் குடுத்தாரு, கர்த்தர் சுகம் குடுத்தாரு, அல்லேலூயா!"

ஹோமியோபதிக்காரர்கள் மருந்தின் வீரியத்தை பவர் என்பார்கள், மூக்குக்கண்ணாடிக்குச் சொல்வதுபோல. எங்கள் சபையில் பவர் என்றால் ஆவியின் வல்லமை. வேறு அர்த்தமே கிடையாது. பாஸ்டர் முகம் மாறிவிட்டது.

"எந்த பவர், சிஸ்டர்?"

"இருநூறு, பாஸ்டர்" என்றாள் அம்மா, அப்பாவியாக.

நான் சிரித்தேன். சபையில் நான் மட்டும்தான் சிரித்தேன்.

அடுத்த ஞாயிறு பிரசங்கமே அதுதான். மருந்தைத் தண்ணீரில் கலந்து குலுக்குகிறார்கள், கலந்து குலுக்குகிறார்கள், பொருள் குறையக் குறைய பவர் ஏறுகிறதாம், இது மந்திரம் இல்லாமல் என்ன? இதை விடாதவர்கள் திருவிருந்தில் அப்பத்துக்கும் ரசத்துக்கும் கை நீட்ட வேண்டாம். அம்மா பக்கம் பாஸ்டர் திரும்பவே இல்லை. அவருக்குப் பதிலாகச் சபை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

இல்லாத மருந்தை இருப்பதாகச் சொல்லிக் கொடுப்பது பொய், பொய் விசுவாசிக்கு ஆகாது என்று அவர் சொல்லியிருந்தால் நானே எழுந்து ஆமென் போட்டிருப்பேன். அதை விட்டுவிட்டு அந்த வெற்று உருண்டைக்கு சாத்தானின் பவரையே ஏற்றிக் கொடுத்துவிட்டார். ஹோமியோபதி டாக்டர்கூட அதை அவ்வளவு நம்பியிருக்க மாட்டார்.

அம்மா உருண்டைகளைச் சாக்கடையில் கொட்டினாள். இனியாவது ஆஸ்பத்திரிக்கு வருவாள் என்று நினைத்தேன். அதற்குள் பாஸ்டர் குட்டி பாட்டிலில் ஜெப எண்ணெய் கொடுத்துவிட்டார். "வீட்டு எண்ணெயில ஒரு சொட்டு ஊத்திக்கோங்க சிஸ்டர். தீரத் தீர மேல எண்ணெய் ஊத்திக்கினே இருங்க. வல்லமை குறையாது." அம்மா அப்படியே கலந்து நெஞ்சில் தேய்த்துக்கொண்டாள்.

ஒருநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது இழுப்பு பிடித்தது. அம்மா கட்டிலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். உதடெல்லாம் வெளுத்துவிட்டது. ஆஸ்பத்திரி என்றேன், தலையை ஆட்டி மறுத்தாள். பாஸ்டர் சொன்னால்தான் கேட்பாள் என்று அவருக்கு போன் போட்டேன். உடனே ஓடி வந்தார், அதைச் சொல்ல வேண்டும். ஆனால் வந்ததும் எண்ணெய் பாட்டிலை எடுத்தார்.

"பாஸ்டர், ஒரு நிமிஷம். கலக்கக் கலக்க பவர் குறையாதுன்னு சொன்னீங்க இல்ல? அதுக்குப் பேரு இன்னா தெரியுமா? ஹோமியோபதி!"

"பாப்பா, தேவ காரியத்துல வெளயாடாத. காலேஜ் போனா வாய் வந்துடுது உங்களுக்கு."

"எனக்கு வாய் வந்துச்சு. அம்மாவுக்கு மூச்சு வரல, பாருங்க!"

அம்மா கையை உயர்த்தினாள். என்னை அடக்கத்தான் என்று நினைத்தேன். "ஆட்டோ" என்றாள், காற்றோடு காற்றாக. "பாஸ்டர்... ஆட்டோ கூப்புடுங்க."

பாஸ்டர் பாட்டிலை வைத்துவிட்டுத் தெருவுக்கு ஓடினார்.

ஆஸ்பத்திரியில் அம்மா முகத்தில் மாஸ்க் வைத்து மருந்துப் புகையைச் செலுத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் இழுப்பு அடங்கியது. டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே என்ன வேலை என்பதுதான். "சொலூஷன் பக்கமே போகக் கூடாது. வேற செக்ஷன் கேளுங்க" என்றார்.

நான் பாஸ்டரைப் பார்த்தேன். அம்மாவின் ஷூ கம்பெனி மேனேஜர் எங்கள் சபையில் முன்வரிசை ஆள்.

"நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க பாஸ்டர். நீங்க சொன்னா கேப்பாரு."

"ஜெபிக்கிறேன் பாப்பா."

"ஜெபிங்க. கூடவே பேசவும் பேசுங்க."

"அதெல்லாம் உலக காரியம்மா. சபை அதுல தலையிடக் கூடாது."

சர்க்கரை உருண்டை ஆவிக்குரிய காரியம். அம்மாவின் நெஞ்சுக்குள் போகிற சொலூஷன் உலக காரியம். நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா மாஸ்க்கைக் கழற்றினாள்.

"விடுடி. அவரு பேச வேணாம்" என்றாள். "அந்த மேனேஜர் கிட்ட நானே கேக்கறேன். சபையில வெச்சே கேக்கறேன்."