மாமியார் சொன்ன வாக்குத்தத்தம்

யுத்தம் முடிந்தும், பட்டாளத்தோடு ரங்கூனுக்குப் போன என் கணவர் திரும்பவில்லை. இராஜபாளையத்தில் மாமியாரோடு காத்திருந்தேன். கிறிஸ்துமஸுக்கு முந்திய ஆகமன நாட்களில் ஒருநாள், உபவாச ஜெபம் முடித்து எழுந்த மாமியார், "ஏட்டி, ஆண்டவரு எங்கிட்ட பேசிட்டாரு. பண்டிகைக்கு அவன் வந்துருவான்" என்றார்கள். நம்பினேன். அடுத்த ஞாயிறே சபையில் எழுந்து நின்று, ஸ்தோத்திரம் சொல்லி, கணவர் வரப்போகிறார் என்று சாட்சி கொடுத்தேன். வீடு முழுக்க நானே வெள்ளையடித்தேன்.

பண்டிகை ஆராதனை முடிந்ததும், என் கணவரோடு பட்டாளத்தில் இருந்த ஒருவர் தயங்கித் தயங்கி வந்தார். "அவன் அங்கேயே வேற குடும்பமாயிட்டாம்மா. ஐப்பசியிலயே ஒங்க மாமியாகிட்ட சொல்லிட்டேனே."

மாமியாரைக் கேட்டேன். "சொன்னா நீ ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, ஒங்க அம்மா வீட்டுக்குப் போயிருப்பே. பொறவு எனக்கு யாரு இருக்கா?" என்றார்கள்.

கணவர் செய்ததைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை. பொய்க்கு ஆண்டவர் பேரையா போடுவது! பல நாள் ஜெபிக்க வாய் வரவில்லை. ஆண்டவர் மீதும் கோபம். பிறகுதான் உறைத்தது, அந்த வாக்கை அவர் எனக்குக் கொடுக்கவேயில்லை.

இப்போது அம்மா வீட்டில் இருக்கிறேன். யாராவது "ஆண்டவர் சொன்னார்" என்றால், "எனக்கும் சொல்லட்டும்" என்று வேதத்தைத் திறந்துகொண்டு உட்காருகிறேன். இந்த ஆகமன நாட்களிலும் வீட்டுக்கு வெள்ளையடித்தேன். இந்தத் தடவை, வருவேன் என்று தம் வாயாலேயே சொன்ன இயேசுவுக்காக.