காற்றை இறக்கியவன் நான்தான் என்ற லோகநாதன்

மஸ்கெலியாவிலிருந்து லோகநாதனின் மனைவி அழைத்தபோது, நான் ஒரு மோட்டார் சைக்கிளின் செயினைக் கழற்றிக்கொண்டிருந்தேன். "அண்ணே, அவரு போயிட்டாருங்க" என்றார். மூன்று நாளாக ஆஸ்பத்திரியில் கிடந்தவன்தான். ஆனாலும் கை அப்படியே நின்றுவிட்டது. ஹட்டனில் எங்கள் கராஜுக்கு வந்துபோன நண்பர்களே, அவன் என்று எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பதினெட்டு வருடம் அப்படித்தான் கூப்பிட்டேன்.

எஞ்சின் வேலை என்னுடையது. பின்சக்கரத்தை உருளையில் ஓடவிட்டுக் குதிரைவலு காட்டும் டைனோ அவனுடையது. அதைப் பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல் துடைப்பான். அது காட்டும் எண்ணை யாராவது சந்தேகித்தால், "மிஷின் பொய் சொல்லாது, மனுசன்தான் சொல்லுவான்" என்பான்.

ஒருமுறை அக்கரப்பத்தனை வாத்தியார் ஒருவரின் பைக் வந்தது. டைனோவில் அளந்துவிட்டு எஞ்சினைப் பிரித்துப் புதுப்பித்தேன். மறுபடி ஏற்றினால், வலு முன்பைவிடக் குறைவு! வாத்தியார் முகம் சுருங்கியது. "என்னடா மச்சான், நல்லா இருந்த எஞ்சினைக் கெடுத்து வச்சிருக்கே?" என்று லோகநாதன் கத்தினான். கராஜில் நாலைந்து வாடிக்கையாளர்கள். இனி யார் என்னை நம்பி எஞ்சின் தருவார்கள்? காது சுட, ஸ்பேனரோடு மறுபடி உட்கார்ந்தேன்.

அவன் பின் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். விரல் உள்ளே அமுங்கியது. அன்று காலையில், புதுப்பித்த எஞ்சின் இளகட்டும் என்று தோட்டத்து ரோட்டில் ஓட்டிப்போனவன் அவன்தான். மழைச் சேறு என்பதால் தார் ரோட்டு டயர் இருந்த சக்கரத்தைக் கழற்றிவிட்டு, தடித்த பட்டைகளுள்ள சேற்று டயர்ச் சக்கரத்தை மாட்டியிருந்தான். வழுக்காமலிருக்க, மலைப்பக்கத்தில் எல்லோரும் செய்வதுபோல் காற்றையும் பாதி இறக்கியிருந்தான். அப்படியே கொண்டுவந்து டைனோவில் ஏற்றிவிட்டான். அந்தத் தொளதொள டயர் உருளையில் நசுங்கி, சூடாகி, எஞ்சின் கொடுத்த வலுவைத் தின்றிருக்கிறது.

சத்தமில்லாமல் காற்றடித்துச் சமாளித்திருக்கலாம். அவன் கையைத் தட்டி எல்லோரையும் கூப்பிட்டான். "கேளுங்க, எஞ்சின் நல்லாத்தான் இருக்கு. தப்பு என் மேல. காத்தை இறக்குனவன் நான்தான். மச்சானை வாய்க்கு வந்தபடி பேசுனவனும் நான்தான்."

பழைய சக்கரத்தை மாட்டி, முதல்முறை இருந்த அளவுக்கே காற்றடித்து ஓட்டினோம். எண் பழையதைத் தாண்டியது. வாத்தியார் சிரித்துவிட்டார். நான் மட்டும் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அவனோடு பேசவில்லை. அவன் தினமும் எனக்கும் சேர்த்துத் தேநீர் வாங்கி வைத்தான்.

என் வாயிலிருந்து "தப்பு என் மேல" என்ற சொல் அவனுக்கு ஒருமுறைகூடக் கிடைத்ததில்லை. நேற்று சாவு வீட்டில், எல்லோரும் கேட்க, அவன் காலடியில் நின்று, அந்த இரண்டு நாள் பேசாமல் இருந்ததற்காக அதைச் சொன்னேன். அவனிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அந்தச் சொல்லைத்தான். இனியாவது, கேட்க வேண்டியவர் உயிரோடு இருக்கும்போதே சொல்வேன்.