மூன்று வெள்ளைப் பெட்டிகளைச் சரிசெய்ய வந்தவர்

திண்டிவனத்தில் நான் தனியாக இருக்கும் வீட்டுக்கு அவர் ஒரே ஒருமுறைதான் வந்தார். பெயர் கேட்கக் கூச்சமாக இருந்தது. ஒல்லியான உடம்பு, நரைத்த மீசை. எந்தப் பெட்டியைத் தொடும்முன்பும் கதவைத் தட்டுவதுபோல அதன்மேல் இரண்டு தட்டு தட்டுவார்.

விளக்குகளுக்கு ஒன்று, கேட் பூட்டுக்கு ஒன்று, தண்ணீர் மோட்டாருக்கு ஒன்று என்று கம்பியில்லாமல் சிக்னல் அனுப்பி இயக்கும் மூன்று வெள்ளைப் பெட்டிகளை, பெங்களூரில் இருக்கும் என் மகன் மூன்று இடங்களில் வைத்திருந்தான். ஆயுத பூசைக்கு அவற்றையும் எடுத்துத் துடைத்து, பொட்டு வைத்துப் படைத்தேன். மறுநாள் திருப்பி வைத்ததிலிருந்து மோட்டாரும் ஓடவில்லை, கேட்டும் தானாகத் திறக்கவில்லை. போனில் சொன்னதும் மகன்தான் இவரை அனுப்பிவைத்தான்.

"உன்னால சமாளிக்க முடியலன்னா இங்க வந்துடும்மா" என்று மகன் முன்பே சொல்லியிருந்தான். எனக்கோ இந்த வீட்டை விட்டுப் போக மனமில்லை.

"மோட்டார் பொட்டி வாசல்ல குந்திக்கினு இருக்குது, கேட்டு பொட்டி சமையல்கட்டுல இருக்குது. அவ்ளோ தூரம் சிக்னல் எப்படிம்மா எட்டும்? பொட்டு வச்சீங்களே, எது எதுன்னு பாக்கலையா?" என்றார் அவர்.

"எல்லாம் ஒரே மாதிரி வெள்ளையா இருக்குதுங்களே."

சிரித்துக்கொண்டே பெட்டிகளை இடம் மாற்றினார். மோட்டார் ஓடியது, கேட்டும் திறந்தது. அப்போது பார்த்து மகன் அவருக்குப் போன் பண்ணினான். நான்தான் மாற்றி வைத்தேன் என்று தெரிந்தால் பெங்களூருக்குக் கூப்பிடுவானே என்று பக்கத்தில் போய் நின்றேன்.

"கரண்டு போயி வந்ததுல கொழம்பிடுச்சு சார். அம்மா நல்லாத்தான் பாத்துக்கினு இருக்காங்க."

மகன் நம்பிவிட்டான். நானும் இங்கேயேதான் இருக்கிறேன். என்மேல் இரக்கப்பட்டுச் சொன்னாரா, பேச்சை முடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவதற்காகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. கேட்டுவிடலாம் என்று வாசல்வரை பின்னாலேயே போனேன். "தண்ணி குடிக்கிறீங்களா?" என்றுதான் கேட்க முடிந்தது.