பாய் ஒரு பக்கம், முந்தானை ஒரு பக்கம்

அந்தக் குடும்பத்தின் முதல் படத்தை நான் பாதிதான் பார்த்தேன். மீதி நேரம் என் காது சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. திருவொற்றியூரில் மணல் தரை போட்ட டென்ட் கொட்டகை அது. நடுவில் இடுப்பளவு மண்சுவர். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். புருஷன் பெண்சாதியாகப் போனாலும் வாசலிலேயே பிரிந்துவிட வேண்டும்.

படத்தில் ஓர் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு தாய்மாமன். ஓட்டைக் காரில் ஏறி, யாரோ எழுதிவைத்துப்போன பங்களாவைத் தேடிப் போவார்கள். திருடர்கள் துரத்துவார்கள். எங்கே ஒளிந்தாலும் சரியாக அந்த நேரத்தில் மாமனுக்குத் தும்மல் வரும். மூன்றாவது தும்மலில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. விக்கல்போல ஆரம்பித்து நீளமாக இழுக்கும் சிரிப்பு. என் வீட்டுக்காரருடையது. அதைக் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அவர் கடலுக்குப் போகும் குடும்பத்தில் பிறந்தவர். அண்ணனும் அவரும் ஒரே கட்டுமரத்தில் போவார்கள். ஒருநாள் இவருக்குக் காய்ச்சல். அண்ணன் வேறு ஆளைக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு பேரும் திரும்பவில்லை. அதற்குப் பிறகு இவர் கரைப்பக்கமே போகவில்லை. காலடிப்பேட்டையில் வீடு பிடித்து, தீப்பெட்டிக் கம்பெனியில் கட்டை உருட்டப் போனார். எங்கள் வீட்டில் யாரும் கடல் என்று சொல்வதில்லை. நான் மீன்கூட வாங்குவதில்லை. அவர் உயிருக்குப் பயமில்லாத வேலையில் இருக்கிறார் என்று எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. ஆனால் அவர் பேசுவது நின்றுபோயிருந்தது. சோறு வேண்டுமா என்றால் தலையை ஆட்டுவார். எதையும் வாய்விட்டுக் கேட்கிற சுபாவம் எனக்கும் இல்லை.

அதனால் மறு வருஷம், அதே குடும்பம் இரண்டாவது படத்தில் வருகிறது என்று வண்டியில் தப்பட்டை அடித்துக்கொண்டு வந்தபோது, ஓடிப்போய் நோட்டீசு வாங்கினேன். அதே கார் படம். ‘அதே குடும்பம், புதிய பயணம்’ என்று எழுதியிருந்தது. பக்கத்து வீட்டு அக்காவுக்குப் படித்துக் காட்டினேன்.

“இன்னாடி, அந்த மாமன் மறுபடியும் தும்முவானா?”

“தும்முவான்னுதான் நெனைக்கிறேன்க்கா.”

“அப்ப நேத்து சோத்தத் தாளிச்சிப் போடப் போறாங்கோன்னு சொல்லு.” சொல்லிவிட்டு அக்காவும் கிளம்பிவிட்டாள்.

அவரைக் கூப்பிட எனக்கு மூன்று நாள் ஆனது. “மாமா, அந்தத் தும்மல் படம் வந்துகீது” என்றேன். தலையை ஆட்டினார்.

படம் ஆரம்பித்தது. அதே அப்பா, அதே அம்மா, அதே கார். முதல் தும்மலுக்கு நாலு பேர் சிரித்தார்கள். இரண்டாவதற்கு யாருமில்லை. “நான் சொல்லல?” என்று அக்கா என் தொடையில் இடித்தாள். பத்தாவது நிமிஷத்தில் கார் பள்ளத்தில் விழுந்தது. குடும்பமே ஒரு பாய்மரப் படகில் ஏறிப் பாயை விரித்தது.

நோட்டீசில் கடல் இல்லையே. நான்தானே கூட்டிக்கொண்டு வந்தேன்.

திரையில் அலை எழும்பியது. நான் திரையைப் பார்க்கவில்லை. அவர் எழுந்து போகிற சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கொட்டகையில் ஒரே மிஷின்தான். ரீல் மாற்ற விளக்கைப் போட்டார்கள். எழுந்து நின்றால் சுவருக்கு அந்தப் பக்கம் தெரியும். அத்தனை ஆண்களுக்கு முன்னால் எப்படி நிற்பது? முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மணலைக் கிள்ளிக் கிள்ளி எனக்கு முன்னால் ஒரு குழியே விழுந்துவிட்டது.

“இன்னாடி எறும்பு கடிக்குதா?”

“ஒன்னுமில்லக்கா.”

மறுபடி விளக்கை அணைத்தார்கள். புயல். அம்மாக்காரி பாய்மரத்தைக் கட்டிப்பிடித்து அழுகிறாள். அப்போது ஆண்கள் பக்கமிருந்து ஒரு குரல், கரையில் நின்று கட்டுமரத்துக்காரனைக் கூப்பிடும் குரல்:

“டேய், இன்னா காத்துடா அது? பாயி தெக்கால போவுது, முந்தானி வடக்கால போவுது!”

கொட்டகையே சிரிப்பில் வெடித்தது. உண்மைதான். பாய் ஒரு பக்கம் உப்பியிருக்க, அம்மாக்காரியின் முந்தானை எதிர்ப்பக்கம் பறந்துகொண்டிருந்தது. பட்டணத்துக்குள்ளே, மந்தைவெளியில் இந்தப் படம் ஓடியபோது இது யார் கண்ணிலும் பட்டிருக்காது. இங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் காற்றைப் பார்த்துப் பிழைக்கிறவர்கள். அதற்கப்புறம் ஆளாளுக்குக் கத்தினார்கள்.

“துடுப்ப இன்னாடா கரண்டி மாரி புட்ச்சிகினு கீற!”

“நைனா, அது கடலு இல்ல, கொளம்! எறங்கி நடந்து வா!”

நடுவில் அந்த விக்கல் சிரிப்பு. முதலில் கத்திய குரலும் அதே ஆளுடையதுதான். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். “ஊமைன்னு நெனச்சிகினு இருந்தேன்டி உம் புருசன!”

அந்தப் படம் நன்றாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. முதல் படத்தின் எச்சில்தான். கடலைக் கொண்டுவந்துவிட்டால் புதிதாகிவிடும் என்று நினைத்திருக்கிறார்கள். அந்தக் கடலும் பொய். ஆனால் அது பொய்க் கடலாக இல்லாமல் இருந்திருந்தால் அவரால் வாய் திறந்திருக்க முடியுமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது அவர் பேசினார். பாயை எப்படிக் கட்டியிருக்க வேண்டும், அந்தக் காற்றில் அண்ணன் என்ன செய்திருப்பார் என்று வழியெல்லாம் பேசினார். அண்ணன் என்ற சொல்லைக் கேட்டு நான் நின்றுவிட்டேன். அவர் நிற்கவில்லை.

அடுத்த வாரம் கரைக்குப் போய்விட்டு வந்தார். “ஒரு மரத்துல ஆளு கொறையுதாம். ஞாயித்துக்கெழம மட்டும்” என்றார்.

போகாதே என்று சொல்ல வாய் வரை வந்தது. இரண்டு வருஷமாக வாய் பேசாமல் இருந்தவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். “கஞ்சி கட்டித் தரேன்” என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. உலையை வைத்தேன், இறக்கினேன். பானையில் தண்ணீர் இருக்க மறுபடியும் குழாயடிக்குப் போனேன். பத்து மணிக்கே கரைக்குப் போய்விட்டேன். காற்று திரும்பிக் கடலிலிருந்து வீசியது. என் முந்தானை ஊர்ப்பக்கம் பறந்தது. தூரத்தில் கரைக்கு வரும் ஏழெட்டுப் பாய்கள் தெரிந்தன. எல்லாம் ஊர்ப்பக்கமே உப்பியிருந்தன. அதில் எது அவர் போன மரம் என்று எனக்குத் தெரியவில்லை.