பிராங்க்பர்ட்டில் ஒரு ஹர்த்தால்

"ஒரு ராத்திரி மட்டும் ஜெர்மனியில தங்க வேண்டியிருக்கும் அத்தை, கொஞ்சம் சிரமந்தான்" என்று மருமகன் போனில் சொன்னபோது துக்கச் செய்தி சொல்கிற மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டான். கனடாவுக்கு ஒரே மூச்சில் போகிற டிக்கெட் அமையவில்லையாம். பிராங்க்பர்ட்டில் இறங்கி, ஹோட்டலில் படுத்து, மறுநாள் காலையில் அடுத்த விமானம் ஏற வேண்டுமாம். அதற்கான விசாவும் அவனே பார்த்துக்கொள்கிறானாம். "அதுக்கென்ன மாப்பிள்ளை, சமாளிச்சுக்கிடுவோம்" என்று நானும் ரொம்பப் பாவமாகப் பதில் சொன்னேன். போனை வைத்துவிட்டு அடுக்களையில் தனியாக நின்று சிரித்தேன்.

பின்னே என்ன? மகளுக்குப் பிரசவம். போய் இறங்கின நிமிஷத்திலிருந்து ஆறு மாசம் பத்தியச் சமையல், பிள்ளைக் குளியல், துணி துவைப்பு, ராத்திரி முழிப்பு. குறை சொல்லவில்லை, ஆசைப்பட்டுத்தான் போகிறேன். ஆனால் நடுவில் ஒரு சாயங்காலம், யாருக்கும் உலை வைக்காமல், நானும் அவரும் கை வீசிக்கொண்டு ஒரு புது ஊரில் நடக்கப் போகிறோம் என்று நினைத்தாலே எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்களுக்கு மலையாளச் சீமையில், ஆரியசாலையில் வத்தல் மிளகாய், மல்லி மொத்தக் கடை. கீழே கடை, மேலே வீடு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எங்கே கூப்பிட்டாலும் என் வீட்டுக்காரர் சொல்வது ஒன்றுதான்: "சீசன் முடியட்டும்." மிளகாய்க்கு எந்தக் காலத்தில் சீசன் முடிந்திருக்கிறது? ஒரு தடவை பொன்முடி மலை பார்க்கலாமென்று கிளம்பி அடிவாரத்து விதுரா வரைக்கும் போனோம். அங்கே டீ குடித்துக்கொண்டிருக்கும்போது கடையிலிருந்து போன் வந்தது, லாரி வந்து நிற்கிறதென்று. டீயைப் பாதியில் வைத்துவிட்டுத் திரும்பினோம். பொன்முடி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, நான்தான் போகவில்லை. அதனால் இந்தப் பிராங்க்பர்ட் சாயங்காலத்தை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். மகள் அனுப்பிய கேன்வாஸ் ஷூவை வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பழகினேன். சேலைக்கும் அதற்கும் பொருத்தமே இல்லை. போகட்டும்.

நள்ளிரவில் வீட்டை விட்டு இறங்கி, வளைகுடாவில் விமானம் மாறி, பிராங்க்பர்ட்டில் கால் வைக்கும்போது அது என்ன கிழமை என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. மருமகன் ஏற்பாடு செய்த கார் வந்திருந்தது. நல்ல வெயில், நல்ல காற்று. நான் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு வந்தேன். ஊருக்குள் வர வர எனக்கே ஒரு மாதிரியாகத் தோன்ற ஆரம்பித்தது. துணிக்கடை அடைப்பு. செருப்புக்கடை அடைப்பு. நாலு மாடி உயரத்துக்கு ஒரு பெரிய கடை, அதுவும் அடைப்பு. சூப்பர் மார்க்கெட்டில் விளக்கே இல்லை. ரோட்டில் நாலு வண்டி சேர்ந்து போகவில்லை. ஒரு முக்கில் போலீஸ் வேன் நின்றது, இரண்டு போலீஸ்காரர்கள் அதில் சாய்ந்துகொண்டு நின்றார்கள்.

என் வீட்டுக்காரர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "எடியே, இங்க ஹர்த்தால்."

வெளியூர்க்காரர்கள் சிரிக்கக் கூடாது. எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை பாதிக் கடை அடைத்திருந்தாலும் பேக்கரி இருக்கும், பழக்கடை இருக்கும், எங்கள் கடையே உச்சி வரைக்கும் திறந்திருக்கும். ஒரு ஊர் மொத்தமும் ஷட்டரை இறக்கி, முக்குக்கு முக்கு போலீஸ் நின்றால் அதற்கு எங்களுக்குத் தெரிந்தது ஒரே பெயர்தான், கட்சிக்காரர்கள் அறிவிக்கிற ஹர்த்தால். சும்மா சொல்லக் கூடாது, நானும் நம்பினேன்.

அவருக்கு அந்தச் சொல் விளையாட்டில்லை. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு ஹர்த்தால் அன்று, கல்யாண வீட்டுக்கு மிளகாய் வேண்டும் என்று ஒருத்தர் வந்து கெஞ்சினார் என்று இவர் ஷட்டரை முழங்கால் உயரத்துக்குத் தூக்கிக் குனிந்து வெளியே வந்தார். எங்கிருந்தோ ஒரு கல். இடது புருவத்துக்கு மேலே தையல் போட வேண்டியிருந்தது, தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. அதற்கப்புறம் ஹர்த்தால் என்றால் கடை மட்டுமில்லை, எங்கள் வீட்டு ஜன்னலும் திறக்காது. பால் வாங்கக்கூட அவர் தெருவில் இறங்கமாட்டார், என்னையும் இறங்க விடமாட்டார்.

ஹோட்டலில் சாவி தந்த பையனிடம், "ஆல் ஷாப் குளோஸ்?" என்று கேட்டார். அவன் சிரித்துக்கொண்டே ஆமாம், எல்லாம் அடைப்பு என்றான். "டுமாரோ?" நாளைக்குத் திறக்கும் என்றான். லிப்ட்டில் ஏறினதும் என்னிடம், "பாத்தியா, இருபத்துநாலு மணிக்கூர் ஹர்த்தால். நாளைக் காலையில ஏர்போர்ட்டுக்கு எப்படிப் போய்ச் சேரப்போறோமோ, பகவானுக்குத்தான் தெரியும்" என்றார்.

அறைக்குள் போனதும் பேன்ட்டை அவிழ்த்து வேட்டிக்கு மாறினார். திரைச்சீலையை இழுத்து மூடினார். வீட்டிலிருந்து நான் கட்டிக்கொண்டு வந்த புளியோதரைப் பொட்டலத்தை எடுத்து மேஜையில் வைத்தார். ராத்திரிக்கு இது போதும், கதவைத் தாழ் போடு என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நடந்து போறவங்கள யாரு என்ன செய்யப் போறா? நம்ம தெருவுல ஹர்த்தால் அன்னைக்குப் பயலுவ நடுரோட்டுல கிரிக்கெட் விளையாடல்லியா? வாங்க, சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வருவோம்."

"ஊரு நமக்குத் தெரியாது, பாஷை தெரியாது. நான் வரல. நீயும் போவாண்டாம், கேட்டோ."

"நாளையிலேருந்து ஆறு மாசம் நான் அடுப்புக்கு முன்னால நிக்கப் போறேன். எனக்குன்னு இருக்கறது இந்த ஒரு சாயங்காலம்தான்."

"திரும்பி வரும்போது பாப்போம்."

திரும்புகிற டிக்கெட் வேறு வழி என்று அவருக்கும் தெரியும். சீசன் முடியட்டும் என்று சொல்கிற அதே குரல். எங்கிருந்துதான் எனக்கு அந்தத் தைரியம் வந்ததோ! ஷூவை மாட்டினேன், ஹோட்டல் முகவரி போட்ட அட்டையை ரவிக்கைக்குள் செருகினேன், "நான் போயிட்டு வாறேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டு இறங்கிவிட்டேன். எங்கள் ஊர்ச் சாலை பஜாரைத் தாண்டி நான் தனியாக நடந்ததே கிடையாது. லிப்ட்டில் தனியாகச் சிரித்துக்கொண்டே இறங்கினேன்.

முதல் தெருவில் ஓரமாக, சுவரை ஒட்டித்தான் போனேன். கல் வந்தால் ஒதுங்க வேண்டுமே. தள்ளுவண்டியில் பிள்ளையை உட்கார வைத்து ஒரு பெண் போனாள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறாள் என்றால் அந்தப் பக்கம் கலாட்டா இருக்காது என்று அவள் பின்னாலேயே நடந்தேன். இரண்டு திருப்பம் திரும்பினதும், அடேயப்பா, ஆறு! மொத்த ஊரும் அங்கே கிடந்தது. புல்வெளி முழுக்க ஜமுக்காளம் விரித்துக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தன் அக்கார்டியன் வாசித்தான். உதட்டுச் சாயம் பூசின இரண்டு கிழவிகள் ஆளுக்கு ஒரு பெரிய கிண்ணம் ஐஸ்கிரீமோடு, பேச்சே இல்லாமல், அத்தனை சிரத்தையாகத் தின்றுகொண்டிருந்தார்கள். ஆற்றுக்குக் குறுக்கே ஒரு இரும்பு நடைபாலம், அதன் கம்பி முழுக்கப் பூட்டு தொங்கியது. ஊர்க் கடைகளுக்கெல்லாம் போட வேண்டிய பூட்டை இங்கே கொண்டுவந்து மாட்டிவிட்டார்களோ என்று நினைத்துத் தனியாகச் சிரித்தேன்.

ஹர்த்தாலை இவ்வளவு அழகாக நடத்துகிறார்களே என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே புல்லில் உட்கார்ந்தேன். பக்கத்தில் மூன்று பெண்பிள்ளைகள் சிப்ஸ் தின்றுகொண்டு பேசுவது காதில் விழுந்தது. மலையாளம்! நம்ம ஊர் நர்ஸ் பிள்ளைகள் இல்லாத நாடு உண்டா? "மோளே, இவிடெ எந்தினா ஹர்த்தால்?" என்று, எதற்காக இங்கே ஹர்த்தால் என்று கேட்டேன். மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். அப்புறம் அதில் ஒருத்தி புல்லில் புரண்டு சிரித்தாள்.

"சேச்சீ, இன்னு ஞாயறாழ்ச்சயல்லே! இவிடெ ஞாயறாழ்ச்ச கட துறக்கில்லா. எல்லா ஆழ்ச்சயும் இங்ஙனெ தன்னெ."

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமையாம், ஞாயிறு என்றால் இங்கே கடையே திறக்காதாம், எல்லா வாரமும் இப்படித்தானாம். கடைக்காரனும் வீட்டுக்காரியோடு ஆற்றங்கரைக்கு வந்துவிடுவானாம். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அந்தப் பிள்ளைகள் ஓடிப்போய் எனக்கும் ஒரு ஐஸ்கிரீம் வாங்கிவந்து கையில் கொடுத்தார்கள். பிஸ்தா. முதல் வாய் அமிர்தமாக இருந்தது. இரண்டாவது வாயில் அந்த மனுஷன் ஞாபகம் வந்துவிட்டது. திரைச்சீலையை மூடிக்கொண்டு புளியோதரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாரே! எனக்கு வேண்டியிருந்தது இந்த ஆறா? அவரோடு இந்த ஆறு அல்லவா? சொன்னாலும் நம்பமாட்டார், போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட வேண்டியதுதான் என்று எழுந்தேன். பிள்ளைகளுக்கு முத்தம் கொடுத்துவிட்டு வந்த வழியே திரும்பினேன்.

தெருமுனையில் பார்க்கிறேன், அவர் வந்துகொண்டிருக்கிறார்.

வேட்டி. ஹோட்டல்காரன் கொடுத்த வெள்ளைத் துணிச் செருப்பு. தோளில் என் ஸ்வெட்டர். இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே ஒரு காகிதத்தைப் பிடித்திருந்தார், அதில் ஆங்கிலத்தில் பெரிது பெரிதாக 'ஏர்போர்ட்' என்று எழுதியிருந்தது. எங்கள் ஊரில் ஹர்த்தால் அன்று ஏர்போர்ட்டுக்குப் போகிற காரை விட்டுவிடுவார்கள், அதற்காகக் கண்ணாடியில் இப்படி எழுதி ஒட்டுவது வழக்கம். கார் இல்லாததால் தன்மேலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டார் மகராசன். சுவரோடு சுவராக, ஒவ்வொரு மாடியையும் அண்ணாந்து பார்த்துப் பார்த்து நடந்தார். எதிரே வந்த ஒரு வெள்ளைக்காரர் காகிதத்தைப் படித்துவிட்டு, ஏர்போர்ட் அந்தப் பக்கம் என்று பின்னால் கை காட்டினார்.

என்னைக் கண்டதும் நின்ற இடத்திலேயே கத்தினார். "அறிவு கெட்டவளே! ஒனக்கு ஒண்ணு ஆயிருந்தா நான் என்ன செய்வேன்? யாரு இருக்கா எனக்கு?"

இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. ஆரியசாலை முழுக்கத் தேடினாலும் கிடைக்காத வார்த்தை. பிராங்க்பர்ட் நடுத்தெருவில், கையில் ஐஸ்கிரீமோடு நின்று கேட்டேன். நெஞ்சு நிறைந்துபோய்விட்டது எனக்கு.

"பயமா இல்லியா ஒங்களுக்கு?"

"பயம் இல்லாம? இங்க பாரு" என்று கையை நீட்டினார். காகிதம் படபடவென்று ஆடியது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொண்டுதான் விஷயத்தைச் சொன்னேன். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, அவ்வளவுதான். கல்லும் இல்லை, கலாட்டாவும் இல்லை.

அவர் நம்பாமல் தெருவை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். ஒரு நாய்க்குட்டி போயிற்று. ஒரு பெண் சைக்கிளில் பாட்டுப் பாடிக்கொண்டு போனாள். முகம் சிவந்துபோய் ஏர்போர்ட்டை எட்டாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

அப்புறம் என்ன, அறைக்கா போனோம்? நர்ஸ் பிள்ளைகளிடம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன், அவர்கள் சேட்டனுக்கும் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார்கள். பாலத்தில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக நடந்தோம். சுற்றுலாப் படகில் ஏறினோம். வேட்டியைப் பார்த்துச் சிரித்த பிள்ளைகளைப் பார்த்து அவரும் சிரித்தார். ஆரியசாலையில் எனக்கு முன்னால் பத்தடி தள்ளி நடக்கிறவர், துணிச் செருப்பு வழுக்குகிறது என்று சொல்லி என் கையை விடவே இல்லை. நல்ல செருப்பு, வாழ்க!

எங்கள் ஊரில் ராத்திரி கோயில் நடை சாத்துகிற நேரம் ஆகியும் அங்கே வெயில் போகவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டே, கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார், "ஞாயித்துக்கிழமைன்னு மட்டும் தெரிஞ்சிருந்தா அப்பவே ஒங்கூட வந்திருப்பேன்."

"தெரிஞ்சு வந்திருந்தா ஊரு பாக்க வந்தீங்கன்னு இருந்திருக்கும்" என்றேன். "தெரியாம எறங்கினீங்க பாருங்க, அது எனக்காக."