முசியே காம்பை விட்டுவைத்த நாட்கள்

நான்கு மணிக்குப் போன் செய்வதாக டாக்டர் சொல்லியிருந்தார். மூன்றேகாலுக்கே மணி அடித்தது. அம்மா பேக்கரி வேலைக்குப் போயிருந்தாள். யார் கூப்பிட்டாலும் அடித்து ஓயட்டும் என்று விட்டுவிடுபவள் நான். அன்று எடுத்தேன். காதில் வைத்துக்கொண்டேன்.

"கேக்குதாம்மா?"

"ம்."

"பல்லெல்லாம் நல்லபடியா தேச்சாச்சு. மயக்கம் தெளியறப்போ காதைக்கூட ஆட்டினான். அப்புறம் மூச்சு நின்னுடுச்சும்மா. எவ்வளவோ பார்த்தோம்."

மறுபடியும் "ம்" என்றேன். முசியே இறந்த செய்திக்கு நான் சொன்ன பதில் அவ்வளவுதான். கேட்பவர்களுக்கு வாயால் சொல்ல முடியாததால் எழுதுகிறேன்.

முத்தியால்பேட்டையில் எங்கள் சந்தில் இருப்பவர்களுக்கு அவனைத் தெரியும். சாம்பல் நிற முயல். இடது காது மட்டும் மடிந்திருக்கும். எட்டு வருடத்துக்கு முன்பு ஞாயிறு சந்தையில் அம்மா ஒரு ஜோடி வாங்கினாள். மற்றது ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. பிரான்ஸ் பென்ஷன் வாங்கும் எங்கள் வாடகை வீட்டின் சொந்தக்காரர் முதல் முறை பார்த்தபோது, இவன் பின்கால்களில் நிமிர்ந்து நின்று அவரை மேலும் கீழும் பார்த்தான். "போன்ழூர் முசியே" என்று பிரெஞ்சில் ஐயாவுக்கு வணக்கம் சொன்னார். அதுவே பெயராகிவிட்டது. தெருமுனைக் கீரைக்கார அக்கா அவனுக்கென்று முள்ளங்கித் தழையை எடுத்து வைப்பார். "என்னாடி, உங்க ஊட்டு மாப்ளைக்கு இன்னிக்கி பசி எப்பிடி?" என்பார். நான் சிரித்துவிட்டு வாங்கி வருவேன்.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்குப் போவதை நிறுத்தினேன். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பேன். பதில் தெரியும், வாய் திறக்காது. வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்க்கும். இப்போது வீட்டில் உட்கார்ந்து டெய்லர் கடை ஜாக்கெட்டுகளுக்கு ஹூக் வைத்து ஓரம் தைத்துக் கொடுக்கிறேன். காலையில் அம்மா கிளம்பினால் மாலைவரை அறையில் நானும் அவனும்தான். நூல்கண்டை உருட்டிக்கொண்டு போய்க் கட்டிலுக்கடியில் விட்டுவிடுவான். "குடுடா" என்பேன். சில நாட்களில் பகல் முழுவதும் நான் பேசியது அந்த ஒரு வார்த்தையாகத்தான் இருக்கும்.

இறந்தவர்களைப் பற்றி எழுதுபவர்கள், அவர்கள் அடிக்கடி சொன்னதை எழுதுவார்கள். முசியே சொன்னவை மூன்று. பின்காலால் தரையில் ஓங்கி ஒரு தட்டு: யாரோ வருகிறார்கள். நெற்றியைத் தடவும்போது பல்லைப் பல்லோடு மெல்ல உரசுவான், தாடையில் விரல் வைத்தால் தெரியும்: இப்படியே இரு. மூன்றாவதும் பல்லின் சத்தம்தான். ஆனால் கரகரவென்று, யாரும் தொடாதபோது, மூலையில் குறுகி உட்கார்ந்தபடி. அது வலி. அம்மாவுக்கு இரண்டும் ஒன்றுதான். "பாரு, ஜாலியா கொறிச்சிகினு இருக்கான்" என்பாள். எனக்கு வித்தியாசம் தெரியும்.

தெரிந்தும் நான் சொல்லவில்லை. முதல் நாள் தழையில் இலையை மட்டும் தின்றுவிட்டுக் காம்பை விட்டுவைத்தான். அவன் காம்பை விடுபவன் இல்லை. மறுநாளும் விட்டான். தாடை ஈரமாக இருந்தது. அம்மாவிடம் சொன்னால் டாக்டரிடம் போக வேண்டும், என்னையும் கூட்டிப்போவாள், அங்கே என்னைக் கேள்வி கேட்பார்கள். காம்புகளைப் பொறுக்கிக் குப்பையில் போட்டேன். எட்டு நாள் அப்படிப் போட்டேன். அதன் பிறகு இலையையும் அவன் தொடவில்லை. அம்மாவே பார்த்துவிட்டாள்.

முயல் பார்க்கும் டாக்டர் சாரம் பகுதியில் இருக்கிறார். வாய்க்குள் சின்ன விளக்கை விட்டுப் பார்த்தார். முயலுக்குச் சாகும்வரை பல் வளர்ந்துகொண்டே இருக்குமாம். இவனுடைய கடைவாய்ப் பற்கள் சரியாகத் தேயாமல் முள்போல வளர்ந்து நாக்கைக் கிழிப்பதாகச் சொன்னார்.

"எத்தனை நாளா சரியா சாப்பிடல?"

"ரெண்டு நாளா சார்" என்றாள் அம்மா.

அவர் எழுதத் தொடங்கினார். மேசைமேல் கூடைக்குள் கரகரவென்று சத்தம் கேட்டது.

"பத்து நாளா" என்றேன்.

அம்மா திரும்பிப் பார்த்தாள். டாக்டர் எழுதியதை அடித்தார். "முன்னாடியே வந்திருந்தா உடம்புல கொஞ்சம் தெம்பு இருந்திருக்கும்" என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மயக்க மருந்து கொடுத்துத்தான் பல்லைத் தேய்க்க முடியும். இந்த வயதில், இந்த மெலிவில், எழுந்திருப்பான் என்று உறுதி சொல்ல முடியாது. செய்யாவிட்டால் வலி மருந்தும் சிரிஞ்சில் கூழும்தான். கொஞ்சம் கொஞ்சமாகப் போவான். இரண்டு நாள் கூழ் கொடுத்துத் தெம்பு ஏற்றுங்கள், அதற்குள் முடிவு செய்யுங்கள் என்றார்.

"எட்டு வருசம் வாழ்ந்த உசுரு. ஊட்லியே நம்ம மடியில போவட்டும்டி. கத்தி கித்தின்னு எதுக்கு?" என்றாள் அம்மா. அவள் சொன்னதில் தவறில்லை. மருந்து கொடுத்த பிறகு கொஞ்ச நேரம், நெற்றியைத் தடவினால் அந்த மெல்லிய சத்தம் வந்தது. இப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். மருந்தின் வேகம் குறைந்ததும் கரகரப்பு தொடங்கிவிடும். இரண்டாம் நாள் காலையில் பசி பொறுக்காமல் ஒரு கொத்தமல்லியைக் கவ்வினான். மெல்ல முடியவில்லை. கீழே போடவும் மனமில்லாமல் வாயிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"பண்ணிடலாம்மா."

"போயிட்டான்னா?"

"நான்தான் சொன்னேன்னு இருக்கட்டும்."

வீட்டுச் சொந்தக்காரர் தன் செம்பருத்திச் செடிக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தார். நாங்கள் மண்ணைத் தள்ளி முடிக்கும்வரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

மறுநாள் கீரைக்கார அக்கா வழக்கம்போலத் தழையை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். ஆறு நாள் வாங்கினேன். இன்று காலை கை நீட்டவில்லை.

"என்னாடி, மாப்ளைக்கு கோவமா?"

"செத்துட்டான்க்கா."

கையிலிருந்த கட்டைக் கீழே வைத்தார். "எத்தினி நாளாச்சி?"

"ஒரு வாரம்."

"அடிப்பாவி! அப்போ தெனம் தழய வாங்கினு போனியே, என்னா பண்ண?"

"பொரியல்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆறு நாளும் அதே பொரியல் ஏன் என்று அம்மா கேட்கவில்லை. காம்போடு சாப்பிட்டாள்.

அந்த எட்டு நாள் காம்புகளை நான்தான் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். டாக்டரிடம் சொன்ன இரண்டு வார்த்தைகளையும், இன்று அக்காவிடம் சொன்னதையும் அவற்றோடு வைத்துக்கொள்கிறேன். அறைக்குத் திரும்பி ஹூக் வைக்க உட்கார்ந்தேன். நூல்கண்டு, நேற்று வைத்த இடத்திலேயே இருக்கிறது.