கால்களில் வெள்ளை வளையம்

என் அம்மாவுக்குக் கொசு பார்க்கிற வேலை. பள்ளியில் ஆசிரியை கேட்டபோது இப்படித்தான் சொன்னேன், வகுப்பே சிரித்தது. ஆனால் அது உண்மை. எங்கெங்கோ பிடித்த கொசுக்களைக் குப்பிகளில் அடைத்து அம்மாவின் பரிசோதனைக்கூடத்துக்குக் கொண்டு வருவார்கள். அம்மா அவற்றை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்து, இது இன்ன வகை என்று எழுதிக்கொடுப்பார்.

வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார். ஆனால் வேலையிடத்தில் கழித்துப்போட்ட கொசுப் படத்தாள் ஒன்று எங்கள் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து நானாகவே கற்றுக்கொண்டேன். பழுப்பு நிறம், மழுங்கிய பின்பகுதி என்றால் சாக்கடைக் கொசு. பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தால் மலேரியாக் கொசு. கறுப்பு உடம்பு, கால்களில் வெள்ளை வளையம் என்றால் ஏடிஸ். அதிலும் இரண்டு உண்டு. முதுகில் ஒரே ஒரு வெள்ளிக்கோடு இருந்தால் செடி கொடிகளில் திரிவது. யாழ்போல வளைந்த கோடுகள் இருந்தால் வீட்டுக்குள்ளேயே குடியிருப்பது. பத்து வயதில் பெருக்கல் வாய்ப்பாட்டில் தடுமாறிய எனக்கு இதில் மட்டும் தடுமாற்றமே இல்லை.

அந்த வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொடுக்கத்தான் பக்கத்து வீட்டு அக்கா தினமும் சாயங்காலம் எங்கள் சமையலறை மேசைக்கு வருவார். ஒருநாள் வரவில்லை. டிங்கிக் காய்ச்சல் என்றார்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அக்காவின் இரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போயின.

புக்கிட் பெருவாங்கில் எங்கள் வீட்டு வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். எதிர் வீட்டில் அத்தை ஒருவர் தனியாக இருந்தார். யாருக்கும் சொந்த அத்தை இல்லை, எல்லாருக்கும் அத்தை. சுங்கை ரம்பாய்ப் பக்கம் இருந்த ரப்பர் தோட்டத்தை மூடியபோது, சாமான்களைவிடச் செடிகளை அதிகம் ஏற்றிக்கொண்டு வந்தவர். வாசல் முழுக்கப் பெயிண்ட் டின்களில் வெற்றிலையும் கற்பூரவள்ளியும். வேலியில் மல்லிகை. நடுவில் ஒரு தாமரைத் தொட்டி.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் அங்கே கூடினார்கள். அக்காவின் அப்பா தூக்கமில்லாமல் கண் சிவந்து நின்றார்.

"நீங்கதான இந்த வேலை பாக்குறீங்க. சொல்லுங்கலா, இங்கேருந்துதான வந்துச்சு?" என்று அம்மாவிடம் கேட்டார். 

அம்மா தொட்டியை எட்டிப் பார்த்தார். "தண்ணி நிக்குது. எடுத்துடறது நல்லது," என்றார். அவ்வளவுதான்.

"மூணு நாளைக்கு ஒருக்கா தண்ணி மாத்துறேன்மா. புழு இருக்கான்னு நீயே கைய விட்டுப் பாரேன்," என்றார் அத்தை.

அதற்குள் ஆட்கள் டின்களைத் தூக்க ஆரம்பித்துவிட்டார்கள். மத்தியானத்துக்குள் ஒரு லோரி நிறைந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று மல்லிகையையும் வெட்டினார்கள்.

மறுநாள் சமையலறையில் என் அழிப்பான் ஐஸ்பெட்டிக்கு அடியில் உருண்டு போனது. குப்புறப் படுத்து டார்ச் அடித்தேன். பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டில் புழுக்கள் நெளிந்தன. கரண்டியால் அள்ளி ஜாம் போத்தலில் விட்டு, துணி கட்டி, கட்டிலுக்கடியில் வைத்தேன். நான்காம் நாள் உள்ளே கொசுக்கள் பறந்தன. போத்தலைக் கொஞ்ச நேரம் ஐஸில் வைத்ததும் மயங்கி விழுந்தன. அம்மாவின் லென்ஸை வைத்துப் பார்த்தேன். காலில் வெள்ளை வளையம். முதுகில் யாழ்.

படத்தாளில் இருந்ததை ஒரு வார்த்தைகூடப் பிசகாமல் அம்மாவிடம் ஒப்பித்தேன். அம்மா போத்தலை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"எங்கேருந்து எடுத்த?"

"ஐஸ்பெட்டிக்குப் பின்னால. தட்டுல."

அம்மா போத்தலின் துணியை இறுக்கிக் கட்டினார். பிறகு, "சாதாரணக் கொசுதான்லா. உனக்குக் கண்ணு சரியில்ல போல," என்றார்.

சாதாரணக் கொசுவுக்காக அன்று அம்மா ஐஸ்பெட்டியைத் தனியாளாக இழுத்து, கொதிக்கும் தண்ணீர் ஊற்றி அந்தத் தட்டை மூன்று முறை தேய்த்தார். நான் வாளி பிடித்தேன்.

அக்கா பிழைத்துவிட்டார். மெலிந்து, சுவரைப் பிடித்து நடந்தபடி வீடு திரும்பினார். அம்மா தினமும் சூப் கொடுத்தனுப்பினார். எனக்கோ என் கண்ணைப் பற்றித்தான் கவலை. நச்சரித்து நச்சரித்து, ஒரு சனிக்கிழமை தெங்கேராவில் ஒரு கண்ணாடிக் கடைக்கு அம்மாவைக் கூட்டிப் போக வைத்தேன். பரிசோதனைக்கு முன்பே சிவப்பு நிறத்தில் ஒரு சட்டத்தைத் தேர்ந்தெடுத்துக் கையில் வைத்திருந்தேன். கடைக்காரர் காட்டிய பலகையில் கடைசி வரியின் கடைசி எழுத்துவரை படித்தேன். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று அவர் சட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"அப்ப எனக்கு மட்டும் ஏம்மா வளையம் தெரிஞ்சது?"

காரில் திரும்பும்போது கேட்டேன். அம்மா எங்கள் வீட்டில் நிறுத்தாமல், எதிர்ப்பக்கம் அத்தை வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார்.

"உள்ளேயே இரு."

கண்ணாடி வழியே பார்த்தேன். அம்மா தலையைக் குனிந்து எதையோ சொன்னார். அத்தை கேட்டின் கம்பியைப் பிடித்தபடி கேட்டார். பிறகு அத்தை பேசினார், நிறைய. அம்மா வழிந்த கண்ணீரைத் துடைக்கவே இல்லை. அத்தை கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போன பிறகும் அங்கேயே நின்றார். அதற்கப்புறம் காருக்கு வராமல் சாலையைக் கடந்து அக்கா வீட்டுக் கதவைத் தட்டினார்.

காருக்குள் புழுங்கியது. ஒரு கண்ணாடி வாங்கித் தர முடியாமல் போனதற்காக அம்மா இப்படி வீடு வீடாகப் போய் அழ வேண்டுமா என்று எனக்குப் பாவமாக இருந்தது. பரவாயில்லைம்மா, எனக்கு நல்லாத்தான் கண் தெரிகிறது என்று சொல்லித் தேற்றலாம் என்று காத்துக்கொண்டிருந்தேன்.